மொன்மார்த்ர் கொடிக்கு அரைப் பக்கம், எங்கள் விதைத் தேயிலைக்கு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் சுற்றுலாப் பக்கத்தில், பாரிஸ் நகரின் மொன்மார்த்ர் குன்றில் வீடுகளுக்கு நடுவே காப்பாற்றப்படும் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. கட்டிடம் எழும்பவிருந்த நிலத்தை ஊர்க்காரர்கள் மறித்த பிறகு, 1933 இல் நட்ட கொடிகள் அவை. அதே இதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நுவரெலியா மாவட்டத்து எங்கள் நகரின் பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கும் இரண்டு ஏக்கர் பழைய தேயிலை மலைக்கு ஒரே ஒரு வரி: "பயன் தராத தேயிலைப் புதர்கள் நகரின் வளர்ச்சிக்குத் தடையாக உள்ளன." 1933 இல் நட்டது வரலாறாம். இலைநோயில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தபின் விதை போட்டு வளர்த்த தேயிலை புதராம். பாவம், இடம் மாறி முளைத்துவிட்டது எங்கள் தேயிலை.

அந்த மலையில் நிற்பது விதைத் தேயிலை. உங்கள் நிருபர் ஒரு நிரையில் பத்தடி நடந்திருந்தால் போதும், கண்ணே சொல்லியிருக்கும். ஒரு செடியின் இலை சின்னது, பக்கத்துச் செடியின் இலை உள்ளங்கை அகலம். ஒன்று கரும்பச்சை, இன்னொன்று வெளிர்பச்சை. தேயிலை தன் மகரந்தத்தால் பெரும்பாலும் காய் பிடிக்காது; ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு கலப்பு, ஒவ்வொரு செடியும் தனி ரகம். தோட்டங்களில் இன்று பரவலாக உள்ள வீ.பீ. தேயிலையோ, தாய்ச்செடியின் ஒற்றை இலைத் துண்டைத் தவரணை என்னும் நாற்றுமேடையில் வேர்விட வைத்து நட்டது. மலை முழுக்க ஒரே செடியின் பிரதிகள். ஒன்றுக்கு ஆகாத நோய் எல்லாவற்றுக்கும் ஆகாது.

விளைச்சலில் வீ.பீ.தான் கூடுதல், மறைக்க ஒன்றுமில்லை. விதைச் செடியை 4 அடிக்கு 4 அடி நட்டார்கள், ஏக்கருக்கு ஏறக்குறைய 2,700 செடி. வீ.பீ.யை 4 அடிக்கு 2 அடி நட்டால் அதன் இரு மடங்கு. ஆனால் விதைச் செடிக்கு ஆணிவேர் உண்டு, துண்டில் வளர்ந்த செடிக்கு இல்லை. ஜனவரி, பெப்ரவரி வெயிலைத் தாங்குவதும் சரிவு மண்ணை இறுக்கிப் பிடிப்பதும் அந்த வேர்தான். வளர்ச்சிக்கு இடம் வேண்டும் என்று அதைப் பிடுங்கினால், அந்தச் சரிவுக்கு நேர் கீழே பஸ் நிலையம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டத்தில் கட்டிடம் கட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. செய்தியில்தான் அந்த வரிக்கு இடம் கிடைக்கவில்லை போலும்.

இது முதல் தடவையும் இல்லை. 2017 இல் இலங்கைத் தேயிலைக்கு 150 வயது என்று சிறப்பிதழ் போட்டீர்கள். 1867, லூல்கந்துர தோட்டம், 19 ஏக்கர், அங்கே வணிகத்துக்கு முதலில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்கள், கான் (வடிகால்) வெட்டியவர்கள் பற்றி ஒரு பந்தியும் இல்லை. 2023 இல், மலையகத் தமிழர் வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது முதல் பக்கத்தில் படம் போட்டீர்கள். அடுத்த வாரம் அவர்கள் காணி கேட்டது உள்பக்கத்து மூலைக்குப் போனது. சித்திரைச் சீசனுக்கு வரும் வாகனங்களை நிறுத்த இடமில்லை என்று வருடா வருடம் கவலைப்படும் பத்திரிகைக்கு, அந்த இடம் ஒரு தேயிலை மலையாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வி மட்டும் எழுவதேயில்லை.

புதர் போலத் தெரிவதற்குக் காரணம் உண்டு. தேயிலை இயல்பில் மரம். கவ்வாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, நின்றால் அது மரமாகவே கிளம்பும். மலையகத்தின் உயர்பகுதிகளில் நான்கைந்து வருடத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டியதை விட்டுவிட்டார்கள். இப்போது நகரை அழகுபடுத்துகிறோம் என்று எவராவது மெஷினைக் கொண்டுபோய் ஒரே நாளில் முழங்கால் உயரத்துக்கு மட்டம் தட்டினால், பாதிச் செடி திரும்பத் துளிர்க்காது. வெட்டுமுன் வேரைப் பார்க்க வேண்டும். பென்சில் தடிப்புள்ள வேரொன்றை நறுக்கி, வெட்டுமுகத்தில் அயடீன் விட்டால் கருநீலமாக மாற வேண்டும். மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். துளிர்ப்பது அந்தச் சேமிப்பில்தான். நிறம் வெளிறியிருந்தால் ஆறு எட்டு வாரம் கொழுந்து எடுக்காமல் செடியை ஓய விட்டு மறுபடி பார்க்க வேண்டும். மண் காய்ந்திருக்கும் மாதங்களில் கத்தியே வைக்கக்கூடாது.

வெட்டும்போதும் மொட்டையாக்கக் கூடாது. இலையோடு ஒன்றிரண்டு வாதுகளைச் செடி மூச்சுவிட விட்டுவைத்து, புதுத் துளிர் வந்தபின் அவற்றை எடுக்க வேண்டும். வெட்டு சாய்வாக, பிளவில்லாமல் விழ வேண்டும். மழுங்கிய கத்தி கிழித்த இடத்தில் தண்ணீர் தங்கி தண்டு உள்ளுக்குள் இற்றுப்போகும். தண்டிலுள்ள பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டும். வெட்டிய வாதை விறகுக்கு அள்ளாமல் நிரைக்கு நடுவே பரப்பினால் மண் மூடப்படும். இரண்டு ஏக்கரையும் ஒன்றாக வெட்டாமல் துண்டு துண்டாக, வருடத்துக்கு ஒரு பகுதியாகச் செய்தால் சரிவு ஒருபோதும் வெறுமையாக நிற்காது. புதுத் துளிருக்கு மழைக்காலத்தில் கொப்புள நோய் வரும். 1946 இல் அது இலங்கைக்கு வந்தபோதே தாக்குப்பிடித்த செடிகள் இவை. ஆனாலும் பக்கத்தில் பாடசாலை இருப்பதால் செம்பு மருந்தடிப்பதை விடுமுறை நாளுக்கு வைப்பது நல்லது.

செடி செத்த இடங்களை வீ.பீ. கன்றால் நிரப்பினால் பாதுகாத்ததாக ஆகாது. அதே மலையில் நாலைந்து செடிகளை வெட்டாமல் மரமாக்கி விதைக்கு விட வேண்டும். விதை விழுந்ததும் பொறுக்கி தண்ணீரில் போட்டால் நல்லது அமிழும், சொத்தை மிதக்கும். காயவிட்டால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும், ஈரமணலில் உடனே போட வேண்டும்.

இதையெல்லாம் விட அவசரமானது மேல்மூலையில் கொட்டப்பட்டிருக்கும் கட்டிட இடிபாடு. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பீ.எச். 4.5 முதல் 5.5 வரை. சீமெந்தும் சுண்ணாம்பும் மழையில் கரைந்து இறங்கினால் அந்த அளவு ஏறும், இலை மஞ்சளாகும், செடி போகும். பிறகு "தானாகவே பட்டுப்போன தேயிலை" என்று இன்னொரு செய்தி எழுத வசதியாக இருக்கும். புது ரோட்டின் மழைநீரையும் பழைய கானுக்குள் திருப்பிவிட்டிருக்கிறார்கள். மலையின் நீரை மட்டும் மெதுவாகக் கொண்டுபோக வெட்டிய கான் அது. ரோட்டு நீர் சேர்ந்தால் கரை உடையும்.

நாங்கள் கேட்பது இரண்டே. அந்த வரிக்கு, அது வந்த பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் ஒரு திருத்தம். அடுத்த மழைக்குமுன் இடிபாட்டை அள்ளும்படி உரியவர்களைக் கேட்டு ஒரு சிறு செய்தி. படம் எடுக்க நிருபர் வருவதானால் அயடீன் போத்தலோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்கள் சிலர்,
நுவரெலியா மாவட்டம்