பழைய தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளுக்கு ஓர் அலுமாரி: மலையக நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தின் நகர சபை, பிரதேச சபை நூலகங்களுக்குப் பொறுப்பாக உள்ள பெருமதிப்புக்குரிய நூலகர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களையும் போட்டி நிகழ்ச்சிகளையும் ஒட்டி ஒரு காலத்தில் வெளிவந்த பலகை விளையாட்டுகளை நாவலப்பிட்டி முதல் பண்டாரவளை வரையுள்ள எமது நூலகங்கள் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். அண்மையில் ஒரு நூலகத்தில், அன்பளிப்பாக வந்திருந்த அத்தகைய பெட்டிகள் சில, காய்கள் குறைவாக இருக்கின்றன என்ற காரணத்தால் கழிவுப் பொருள்களோடு அகற்றப்பட்டன என்று அறிந்து மிகவும் வருந்தினேன். அங்கு பணிபுரிவோர் விதிப்படியே நடந்திருப்பார்கள். அந்தப் பெட்டிகளின் மதிப்பை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல எவரும் இல்லாமற் போனதே என் கவலை.

இவ்வகை விளையாட்டுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1958இல் தொடங்கிய 'கான்சன்ட்ரேஷன்' என்ற நினைவாற்றல் போட்டியை மில்டன் பிராட்லி நிறுவனம் வீட்டில் விளையாடும் பெட்டியாக வெளியிட்டது. 'பாஸ்வேர்ட்' என்ற சொற்போட்டியின் பெட்டிகளையும் அதே நிறுவனம் 1962 முதல் பதிப்பு பதிப்பாக வெளியிட்டு வந்தது. பதின்மூன்று கெட்ட எண் என்று கருதி அந்த இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் பதினான்குக்குத் தாவினார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பிறகு கதைத்தொடர்களும் பெட்டிக்குள் வந்தன. 1967இல் 'ஸ்டார் ட்ரெக்', 1975இல் 'சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்', 1983இல் 'நைட் ரைடர்' என்று அந்த வரிசை நீண்டது. தொடரின் பெயரையும் நடிகர்களின் முகங்களையும் பயன்படுத்துவதற்கு உரிமம் வேண்டும். தொடர் ஓய்ந்து வரவேற்புக் குறைந்தால் அந்த உரிமத்துக்குப் பணம் கொடுத்து மறுபடி அச்சிட எந்த நிறுவனமும் முன்வராது. ஆகவே உலகில் எஞ்சியிருக்கும் பிரதிகளில் பெரும்பாலானவை வீட்டு அலுமாரிகளின் மேல்தட்டில் கிடப்பவைதாம்.

இவற்றுக்கும் மலையகத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, எமது பீதுருதாலகால மலையின் உச்சியிலிருந்தே அதன் அலைகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றன. ஆனால் அம்மலையைச் சூழ்ந்த தோட்டங்களின் பல லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, அப்போது மின்சாரம் எட்டியிருக்கவில்லை. கார் பேட்டரியை டவுனுக்குச் சுமந்து சென்று சார்ஜ் ஏற்றி வந்து, மூங்கில் கம்பத்தில் அன்டெனாவைக் கட்டி, ஒரு காம்பிராவில் (லயத்து வீட்டின் அறையில்) லயமே கூடிப் படம் பார்த்த காலம் அது. பேட்டரி இறங்கிவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். அதே ஆண்டுகளில் எமது தாய்மாரும் சித்திமாரும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் விடுமுறையில் கொண்டுவந்த பெட்டிகளில் பால்மாவுக்கும் துணிமணிக்கும் நடுவே, அவர்கள் வேலைசெய்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடித் தள்ளிவைத்த விளையாட்டுகளும் சில வேளைகளில் இருந்தன. என் சித்தி குவைத்திலிருந்து கொண்டுவந்த 'நைட் ரைடர்' பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். கறுப்பு வெள்ளையில் மாத்திரம் பார்த்திருந்த ஒரு தொடர் வண்ண அச்சில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்ததில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

விதித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பிரா அண்ணன் அதில் பாதியைப் படித்துச் சொன்னார். மீதியை நாங்களே இயற்றிக்கொண்டோம். தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலிலிருந்து புறப்படுவது போல இதிலும் புறப்பட வேண்டும் என்று இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கூடித் தீர்மானித்தோம். தொலைந்த காய்க்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான் வந்தது. அந்த வார அத்தியாயத்தைப் பார்க்க முடியாமற் போனவர்களுக்கு, விளையாடிக்கொண்டே கதையைச் சொல்லிக் கொடுத்தோம். விதிகளை ஒரு கொப்பித்தாளில் தமிழில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தோம். அமெரிக்காவில் அச்சான ஒரு பெட்டி மலையகப் பிள்ளைகளின் பொருளாக மாறியதற்கு அந்தத் தாளே சான்று. காய்கள் குறைந்த பெட்டியைத் தூக்கி எறிகிறவர்கள் இதையும் சேர்த்தே எறிகிறார்கள்.

விளையாட்டுகளை ஆராய்வோர் பலர், இவற்றில் பெரும்பாலானவை தாயக்கட்டையை உருட்டிக் காயை நகர்த்துவதற்கு மேல் ஒன்றும் இல்லாதவை என்று குறை கூறுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த எளிமையினால்தான் ஆங்கிலம் அறியாத பிள்ளைகளும் பாட்டியும் ஒரே பலகையைச் சுற்றி அமர முடிந்தது. நல்ல கற்பனைக்கும் குறைவில்லை. 'சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' ஆட்டத்தில் ஆடுவோர் அனைவரும் தாமே உண்மையான நாயகன் என்பர். மற்றவர்கள் போலிகள் என்பதை ஆடித்தான் நிறுவ வேண்டும்.

இன்னொரு வகையையும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதுவே மிக முக்கியமானது. 2000ஆம் ஆண்டில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' என்ற வினாவிடைப் போட்டி நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கிய பிறகு, எமது தோட்டத்துப் பிள்ளைகள் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டிப் பணப்படிகளை வரைந்து, பாடப் புத்தகத்திலிருந்து கேள்விகளை எழுதித் தாமே அந்த ஆட்டத்தைச் செய்து விளையாடினார்கள். இவற்றுக்கு விலைச்சீட்டும் இல்லை, பதிப்பு எண்ணும் இல்லை. கடையில் வாங்கிய எந்தப் பெட்டியையும் விட இவை விரைவில் அழியும்.

பாதுகாப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. எமது மலைகளின் ஈரமும் பனிமூட்டமும் அட்டையை வளைத்துப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். ஆகவே வெளிச்சுவரை ஒட்டாத, தரையிலிருந்து உயர்ந்த ஓர் அலுமாரி வேண்டும். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயரமாக அடுக்காமல் படுக்கையாக வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு அவ்வப்போது மாற்ற வேண்டும். கிழிந்த ஓரங்களில் செலோடேப் ஒட்டுவதையும் ரப்பர் பட்டி போடுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் காலப்போக்கில் இரண்டுமே கறையை விட்டுச் செல்லும். யார் கொடுத்தார்கள், எந்தத் தோட்டத்தில் ஆடப்பட்டது, என்ன விதியோடு ஆடினார்கள் என்பவற்றைக் கொடுப்பவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலகையைப் படம்பிடித்து அச்சிட்டுக்கொண்டால், அசலைத் தொடாமலே இன்றைய பிள்ளைகள் வாசிப்பறையில் விளையாடலாம்.

கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்து, தொழிற்கருவிகளும் வீட்டுப் பொருள்களும் அங்கு காக்கப்படுகின்றன. அந்த லயங்களில் பிள்ளைகள் விளையாடியவற்றுக்கும் அத்தகைய இடம் கிடைப்பது நியாயமே.

உங்களுள் எந்த நூலகம் முதலில் ஓர் அலுமாரியை ஒதுக்குகிறதோ, அங்கு சித்தியின் பெட்டியை எங்கள் தமிழ் விதித்தாளோடு நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பேன். தலவாக்கலைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வீடு வீடாகச் சென்று மற்றப் பெட்டிகளைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையையும் ஊதியமின்றிச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த சபைக் கூட்டத்தில் இக்கோரிக்கையை எடுத்துக்கொண்டு உங்கள் முடிவை அறியத்தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு நூலக வாசகர்