சாவியைக் கொடுக்கும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள்

சென்னையில் சொகுசு கார் விற்கும் ஷோரூம் நிர்வாகிகளுக்கும், அங்கேயே மேசை போட்டு இன்சூரன்ஸ் எழுதித் தருபவர்களுக்கும்,

வணக்கம். வேளச்சேரி பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வெள்ளம் வடிந்ததும் கட்டி இழுத்து வரும் கார்களை முதலில் திறந்து பார்ப்பது எங்களைப் போன்றவர்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்துபோன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் எங்களிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை மிதக்கவே இல்லை. பேஸ்மென்ட்டில் நின்ற இடத்திலேயே சீட் உயரத்துக்கு நனைந்தவை. வெளியே ஒரு கீறல் இருக்காது. கதவைத் திறந்தால் சாக்கடை வாடை முகத்தில் அடிக்கும். கதவின் உள்பக்கம் சேற்றுக்கோடு படிந்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால் தண்ணீர் அப்படியே நிற்கும்.

பழைய அம்பாசடர் என்றால் தண்ணீரை வடித்து, ஆயில் மாற்றி, பிளக்கைக் காயவைத்து எப்படியாவது ஓட்டிவிடுவோம். இன்றைய சொகுசு காரில் அது நடக்காது. வண்டியை இயக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட்டுகள் பலவும் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில்தான் இருக்கின்றன. சில மாடல்களில் பேட்டரியே டிக்கியின் தரைக்குக் கீழே. ஒயரிங்கோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்ற எஸ்டிமேட் போட்டால், ஐடிவி, அதாவது காரின் மதிப்பு என்று பாலிசியில் எழுதியிருக்கும் தொகையில் 75 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேருக்குப் பதிலாக ஐடிவி தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாமலேயே வண்டி கையை விட்டுப் போய்விடும்.

சரி, இன்சூரன்ஸ் பணம் வருமே என்பார்கள். எவ்வளவு வரும் என்று வாங்கும்போதே கணக்குப் போட்டுக் காட்டுகிறீர்களா? சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ் ஷோரூம் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். அதாவது 12 லட்சம். இரண்டு வருடம் முடிந்து மூன்றாவது வருடத்தில் கார் மூழ்கினால், வழக்கமான கணக்கில் 30 சதவீதம் தேய்மானம் கழித்து ஐடிவி 42 லட்சம். கட்டிய வரி அதில் சேராது. கடன் பாக்கி இருந்தால் முதலில் பேங்க் எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் உரிமையாளருக்கு. பில் தொகையைத் திருப்பித் தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ கவர் தனியாக உண்டு, அதுவும் முதல் சில வருடங்களுக்குத்தான். அப்படி ஒன்று இருப்பதையே கார் போன பிறகு எங்கள் வாசலில் நின்றுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

இதைவிட எனக்கு மனசு ஆறாத விஷயம் ஸ்டார்ட் பட்டன். தண்ணீர் வடிந்ததும், வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் அதை அழுத்திவிடுகிறார்கள். யாராக இருந்தாலும் கை அங்கேதான் போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வருவார், பார்ப்பார், ‘ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்’ என்று எழுதுவார். இன்ஜின் புரொடெக்‌ஷன் கவர் தனியாகப் போடாதவருக்கு அந்த இன்ஜின் செலவு முழுக்க அவர் தலையில். அந்தப் பட்டனைத் தொடாமல் இருந்திருந்தால் அவருக்கு அந்தச் செலவே வந்திருக்காது. ‘சார், எனக்கு யாருமே சொல்லலையே’ என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? அபராதம் போடுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, அப்புறம் அப்படி எதுவும் இல்லை என்று போலீஸே மறுத்தது. அந்த மக்களை நான் குறை சொல்லவே மாட்டேன். தன் பொருளைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். வேறு வழி சொல்லித் தர ஆள் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. டெலிவரி அன்று வண்டிக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்து, சன்ரூஃபையும் ஸ்பீக்கரையும் விளக்க நேரம் ஒதுக்குகிறீர்கள். அதோடு சேர்த்து வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேஸ்மென்ட் என்றால், 2015லும் 2023லும் அங்கே தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் கவர் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னால், எந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, படிக்கவைத்து, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். ‘நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்’ என்று ஒரு ஸ்டிக்கரை டிரைவர் பக்கக் கதவில் ஒட்டிக் கொடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்களின் போன் நம்பர்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. சர்வீஸுக்கு நாள் தவறாமல் மெசேஜ் அனுப்புகிறீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், இந்த வருடமே, அதே நம்பர்களுக்கு இதையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரியிலிருந்து ஒரு மெக்கானிக்