மார்லோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். புது வீட்டுக்கு வந்து பால் காய்ச்சிவிட்டோம். ஊர் பெயர் மார்லோ. லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் கரையில் இருக்கிற சின்ன ஊர். 1832-இல் கட்டிய தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்திலிருந்து ஆற்றை ஒட்டி நடந்துகொண்டே போகலாம்.

ஆற்றங்கரையில் போய் வீடு பிடித்திருக்கிறாயே, வெள்ளம் வராதா என்று அம்மா போனில் பயந்தாள். வரும். 2014 தொடக்கத்தில் தேம்ஸ் பெருகி இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதனால்தான் வாடகையைக் கேட்பதற்கு முன்பே அரசாங்க இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு அந்தத் தெருவின் வெள்ள அபாயத்தைப் பார்த்தோம். நம் வீடு முதல் மாடி, தெருவும் ஆற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று நீங்கள் காலையில் பேப்பரில் பார்ப்பது போல, நானும் இங்கே ஆற்றின் மட்டத்தைப் பார்க்கிறேன். கால் மணிக்கு ஒரு முறை அளந்து இணையத்தில் போடுகிறார்கள். நீரோட்டம் வேகமானால், படகுக்காரர்களை எச்சரிக்க, படகுகள் கடந்துபோகும் மதகில் சிவப்புப் பலகை மாட்டிவிடுவார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். ஸ்டேஷனில் ஒரே ஒரு பிளாட்பாரம். போர்ன் எண்டு என்ற ஊர் வந்ததும் ஓட்டுநர் இறங்கி, வண்டியின் மறுமுனைக்கு நடந்துபோய், அங்கிருந்து எதிர்த்திசையில் ஓட்டுகிறார். பாதை அங்கேயே முடிந்துவிடுவதால் அப்படி. கொஞ்ச தூரத்தில் தேம்ஸைக் கடக்கிறோம். அப்புறம் மெய்டன்ஹெட்டில் லண்டன் போகும் எலிசபெத் லைன் ரயிலுக்கு மாறினால் ப்ரூனல் என்ற இன்ஜினியர் 1830-களில் கட்டிய செங்கல் பாலத்தில் மறுபடியும் அதே ஆறு. ஒரு ரயிலை விட்டால் பல நேரம் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நம் வீடு மாதிரி சாதாரண வீடுகளுக்கு அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, 2019-இலிருந்து சட்டம். அந்தப் பணமும் வீட்டுக்காரர் கையில் அவர் இஷ்டத்துக்கு இருக்க முடியாது. அரசு அங்கீகரித்த டெபாசிட் திட்டம் ஒன்றில் 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். தவறினால் கோர்ட் ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை நஷ்டஈடு கொடுக்கச் சொல்லும்.

குடிவந்த அன்று ஒருவர் கேமராவோடு வந்தார். சமையல் மேடையில் இருந்த கத்திக் கீறல், கதவுக்குப் பின்னால் பெயிண்ட் உரிந்த இடம், ஓவன் அடுப்புக்குள் யாரோ விட்டுப்போன எண்ணெய்க் கறை, மீட்டரில் ஓடியிருந்த எண் என்று ஒன்று விடாமல் படமெடுத்து எழுதினார். நாங்களும் படித்துப் பார்த்து, விட்டுப்போன ஒரு சுவர் விரிசலைச் சேர்க்கச் சொன்னோம். குளிர்காலத்தில் ஜன்னலில் நீர் கோத்துச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது, அதனால் அந்தப் படங்கள் எங்களுக்கு ரொம்ப முக்கியம். முன்பு இருந்த வீட்டில் கார்ப்பெட் நிறம் மங்கியது என்று வீட்டுக்காரர் பணம் பிடிக்கப் பார்த்தார். டெபாசிட் திட்டத்திலேயே இலவசமாக விசாரித்தார்கள். குடியிருந்தால் கார்ப்பெட் தேயத்தான் செய்யும், சுவர் மங்கத்தான் செய்யும், அதற்குப் பிடிக்கக் கூடாது என்று முழுப் பணமும் வந்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியிருக்க முடியாது அப்பா.

மாடிப் போர்ஷன் சார் தை மாதம் காலி செய்கிறார் என்று அம்மா சொன்னாள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதுதான் நம் தெருவில் எல்லாரும் செய்வது, நீங்கள் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. ஆனாலும் இந்த முறை பிடிக்காதீர்கள். ஆறு வருஷம் குடியிருந்தார்கள், ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. அவர்களும் அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த வீட்டுக்காரரிடம் நாள் சொல்லியிருப்பார்கள். சாவியை வாங்கும்போதே முழு அட்வான்ஸையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

பெயிண்டருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல்லுங்கள். சம்பளம் வந்ததும் நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்