காசு வாங்கிப் புத்தகம் போடும் பதிப்பகத்தாருக்கு: என் 300 பிரதிக்குக் கணக்கு எங்கே?

எழுத்தாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் சென்னைப் பதிப்பகத்தார் எல்லோருக்கும்,

வணக்கம். நான் பெரம்பூர்க்காரி. ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருந்தபோது கதை எழுத ஆரம்பித்தேன், பதினாலு கதை சேர்ந்தது, உங்களில் ஒருவரிடம் பணம் கட்டிப் புத்தகமாகப் போட்டேன். யார் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்காகிவிடும், மற்றவர்கள் எல்லாம் 'நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை' என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தாளரிடம் காசு வாங்குவதைத் தப்பென்று சொல்ல நான் வரவில்லை. சொந்தக் காசில் புத்தகம் போடுவது நம் ஊரில் கேவலமான விஷயமாக என்றைக்கும் இருந்ததில்லை. திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, புத்தக மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கடைசிக் காலத்தில் 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அவர் போன பிறகு, 2001-இல், அதற்குத்தான் சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள். அதனால் காசு கொடுத்துப் போட்டதில் எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கம் வேறு ஒன்றில்.

உங்கள் பேக்கேஜ் 45,000 ரூபாய். 300 பிரதி, அட்டை வடிவமைப்பு, மெய்ப்பு என்கிற பிழை திருத்தம், ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண், ஆன்லைன் விற்பனை எல்லாம் சேர்த்து. புத்தகம் 160 பக்கம், விலை 200. எனக்கு 50 பிரதி கையில். மீதி 250 நீங்கள் விற்பீர்கள், விலையில் பத்து சதவீதம் ராயல்டி. இதில் நான் கையெழுத்துப் போட்டேன், அதுவும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன என் சொந்தப் பேனாவால். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுதான் உறைத்தது. ஒரு பிரதிக்கு 20 ரூபாய். 250 பிரதியும் ஒன்று விடாமல் விற்றால்கூட 5,000 ரூபாய். போட்ட 45,000 திரும்பி வரவேண்டும் என்றால் 2,250 பிரதி விற்க வேண்டும், அடிப்பதாகச் சொன்னதோ 300! 31 வருஷம் அடுத்தவர் கணக்கில் நாலணா பிசகினால் ராத்திரி தூங்காமல் தேடியவள், சொந்தப் பணத்தை ஒரு தடவை பெருக்கிப் பார்க்கவில்லை. என் பெயர் அட்டையில் வரப் போகிறது என்றதும் கண் மறைத்துவிட்டது. அந்த இடத்தில்தான் உங்கள் தொழிலே நடக்கிறது என்பது இப்போது புரிகிறது.

சரி, அது என் முட்டாள்தனம். உங்கள் பங்குக்கு வருகிறேன்.

எட்டு மாதம் கழித்து என் அண்ணன் மகன் ஆன்லைனில் ஒரு பிரதி வாங்கினான். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சியில் நானே போய், நான்தான் எழுதியது என்று சொல்லாமல், பத்து சதவீதத் தள்ளுபடியில் 180 ரூபாய் கொடுத்து ஒரு பிரதி வாங்கினேன். (சொந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கும்போது வரும் கூச்சத்தை வைத்தே ஒரு கதை எழுதலாம்.) வீட்டுக்கு வந்து மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். எனக்குக் கொடுத்த 50 பிரதியில் இருந்து எடுத்தது கத்தரிப்பூ நிற அட்டை, உள்ளே லேசான மஞ்சள் தாள். ஆன்லைனில் வந்தது சாயம் போன புடவை மாதிரி வெளிறிய அட்டை, உள்ளே பளீர் வெள்ளைத் தாள், முதுகில் தலைப்பு ஒரு நூல் அளவு கீழே இறங்கியிருந்தது. புத்தகக் காட்சிப் பிரதி மூன்றிலும் மெலிசு, அதே 160 பக்கம்தான், ஆனால் அடுக்கி வைத்தால் முதுகு அகலம் வேறு. மூன்றிலும் 'முதற் பதிப்பு' என்று ஒரே மாதம், ஒரே வருஷம். வவுச்சரில் மை மாறியிருந்தாலே கண்டுபிடிக்கிற கண் இது. ஒரே தடவையில் அடித்த 300 பிரதி இப்படி மூன்று ஜாதியாக இருக்காது.

ராயப்பேட்டை ஜானி ஜான் கான் சாலையில் இருக்கும் ஓர் அச்சகத்துக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெரியவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை ஓட்டிவிட்டு, "டிஜிட்டல்மா, இருபது முப்பதா அடிச்சிருக்காங்க" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஆஃப்செட் அச்சு என்றால் பக்கங்களுக்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட வேண்டும், அந்தச் செலவு பத்துப் பிரதிக்கும் ஒன்றுதான், ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான், அதனால் அதிகம் அடிக்க அடிக்க ஒரு பிரதியின் அடக்க விலை இறங்கும். டிஜிட்டலில் பிளேட் இல்லை, ஒன்று அடித்தாலும் நூறு அடித்தாலும் பிரதிக்கு ஏறக்குறைய அதே காசு, ஆர்டர் வர வர அடித்துக்கொள்ளலாம். என் புத்தகத்தை நூறு பிரதி அடிக்க என்ன ஆகும் என்று கேட்டேன். பிரதிக்கு 85 ரூபாய் சொன்னார். 8,500! கடைக்காரருக்கு 35, 40 சதவீதம் கழிவு கொடுத்தாலும் எனக்கு ஏதோ மிஞ்சும்.

வேண்டும்போது அடித்துக்கொள்வது திருட்டு அல்ல. இதே சென்னையில் இருக்கும் நோஷன் பிரஸ், பெங்களூரில் இருக்கும் போத்தி மாதிரி நிறுவனங்கள் அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்கின்றன. பரண் முழுக்கப் புத்தகக் கட்டை ஏற்றிவைத்துக் கரையானுக்குப் படைப்பதைவிட அது எவ்வளவோ புத்திசாலித்தனம். ஆனால் 300 பிரதிக்குக் காசை வாங்கிக்கொண்டு, முப்பது முப்பதாக அடித்துக்கொண்டு, கேட்டால் "ஸ்டாக் குடோன்ல இருக்கு மேடம்" என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன? உங்கள் தம்பி ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஏழு தடவை "போய்க்கிட்டு இருக்கு மேடம்" என்று பதில் போட்டார். எத்தனை போனது, எங்கே போனது, எந்தக் கடையில் எத்தனை நிற்கிறது? ஒரு எண்கூட வரவில்லை. கை கூப்பும் பொம்மை மட்டும் வந்தது.

நான் கேட்பது ஒரே ஒரு விஷயம், கணக்கு.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'நூற்குறிப்பு' என்று ஒரு பக்கம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நூலின் பெயர், ஆசிரியர், உரிமை, தாள் 18.6 கி.கி., அளவு கிரவுன், எழுத்து 11 புள்ளி, கட்டுமானம், அச்சிட்டோர் என்று கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல் மாதிரி எல்லாம் இருக்கும். சிலதில் 'படிகள் 1000' என்று ஒரு வரியும் இருக்கும். தாளின் எடையை வாசகனிடம் சொன்னவர்கள் எத்தனை பிரதி என்பதையும் சொன்னார்கள். அந்த ஒரு வரியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். 50 அடித்தால் 50 என்று போடுங்கள். வேண்டும்போது அடிப்பதென்றால் அதையே போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எத்தனை அடித்தது, எத்தனை விற்றது, எத்தனை கையிருப்பு என்று ஒரு தாள் அனுப்புங்கள். பணம் போட்டவளுக்கு அது சலுகை இல்லை. கம்ப்யூட்டரில் டாலி கணக்கு மென்பொருள் போட்டு வைத்திருக்கும் எந்த மளிகைக் கடைக்காரரும் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் விவரம்தான்.

ஐஎஸ்பிஎன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். என் பில்லில் அதற்கு 2,500 ரூபாய். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். டெல்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ், ஆன்லைனிலேயே கொடுக்கிறது. தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததற்குக் கூலி என்று எழுதியிருந்தால் பேசாமல் கொடுத்திருப்பேன். 'ஐஎஸ்பிஎன் கட்டணம்' என்று எழுதியதுதான் உறுத்துகிறது. அப்புறம், 1954-ஆம் வருஷச் சட்டப்படி பதிப்பாளர் தன் செலவில், வெளியான 30 நாளுக்குள், கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். எழும்பூரில் இருக்கும் அந்தக் கன்னிமாராவுக்கே போய்க் கேட்டேன். என் புத்தகம் வந்து சேரவில்லை. என் கையில் இருந்த பிரதிகளில் ஒன்றை நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்க்கெட்டிங் பேக்கேஜ் என்று தனியாக 12,000 கொடுத்தேன், அதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. என் பாஸ்போர்ட் போட்டோவை வைத்து ஃபேஸ்புக்கில் மூன்று போஸ்டர், ஒரு சின்ன ஹாலில் வெளியீட்டு விழா, பொன்னாடை. சிறப்பு விருந்தினர் முதல் கதையின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. அன்றைக்கு விற்றது ஆறு. அந்த ஆறையும் வாங்கியவர்கள் என் சொந்தக்காரர்கள்.

நிஜமாக விற்றது எங்கே தெரியுமா? நவராத்திரியில். எங்கள் அடுக்ககத்தில் கொலுவுக்குக் கூப்பிட்டிருந்த ஒரு மாமி என் கதை ஒன்றைப் படித்துவிட்டு, "ரவிக்கைத் துணி யாரும் தைக்கறதில்லடி, இதையே வெச்சுக் கொடுத்துடறேன்" என்று தாம்பூலப் பையில் போடப் பதினோரு பிரதி வாங்கினார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீடு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சிறுகதைத் தொகுப்பு! ஒன்பது நாளில் 29 பிரதி போனது. வாங்கிக்கொண்டு போன பெண்களில் நாலு பேர் படித்துவிட்டு போன் செய்தார்கள், ஒருத்தி சண்டைகூடப் போட்டாள், கதையில் வரும் மாமியார் தன் மாமியாராம். உங்கள் போஸ்டருக்கு வந்த 'வாழ்த்துகள்' எதுவும் அப்படிச் சண்டை போடவில்லை. மார்க்கெட்டிங்குக்குக் காசு வாங்குபவர்கள் எழுத்தாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் கதையை யார் படிப்பார்கள், அவர்கள் எங்கே கூடுவார்கள் என்பதை. என்னிடம் கேட்டது போட்டோ மட்டும்தான்.

என் அடுத்த புத்தகத்துக்கு உங்களிடம் வருவேனா என்று தெரியவில்லை. அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் 2016 கடைசியில் இருந்தே தமிழை ஏற்கிறது, கோப்பை நானே ஏற்றலாம். அங்கே 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு, இல்லாவிட்டால் 35. காசே வேண்டாம், படித்தால் போதும் என்றால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. கையில் பிடித்துப் படிக்க நினைப்பவர்களுக்கு ராயப்பேட்டைப் பெரியவரிடம் 50 பிரதி அடித்துக்கொள்வேன். வெளியூருக்கு அனுப்ப, 2025 மே மாதம் அஞ்சல் துறை புத்தகம் அனுப்புவதற்கென்றே ஞான் போஸ்ட் கொண்டுவந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது புத்தகம் வாங்க ஒப்புக்கொண்டவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் பணம் சேர்த்தார். நானும் கொலு மாமிகளிடம் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விடலாம் என்றிருக்கிறேன்.

ஆனால் ஒரு வேலையை என்னால் செய்துகொள்ள முடியாது, அதற்கு நீங்கள்தான் வேண்டும். என் புத்தகத்தில் 'ஸ்ரீ' வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு காலிக் கட்டம் இருக்கிறது. யூனிகோடில் நான் கொடுத்ததை உங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது விழுந்தது, மெய்ப்புப் பார்த்ததாகப் பில் போட்டவர் கண்ணில் படவில்லை. ஆறாவது கதையில் சரோஜாவின் கணவர் இரண்டாம் பக்கத்தில் செத்துப்போய் ஒன்பதாம் பக்கத்தில் காபி கேட்கிறார். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு எடிட்டர் உட்கார்ந்து ஒரு தடவை படித்திருந்தால் மாட்டியிருக்கும். என் கதையைப் பென்சிலோடு படித்து, 'அம்மா, இந்தப் பத்தி வேண்டாம்' என்று சொல்லும் ஆளுக்கு 15,000 ரூபாய் கேளுங்கள். சந்தோஷமாகத் தருகிறேன், ரசீது கொடுத்தால் போதும்.

கணக்கு முடிக்கும் தேதி மார்ச் 31, அது உங்களுக்கும் தெரியும். என் புத்தகம் இன்றைய தேதியில் எத்தனை அடித்தது, எத்தனை விற்றது, எத்தனை மிச்சம் என்று அதற்குள் ஒரு தாள் வந்தால் நல்லது. மிச்சம் இருக்கும் பிரதிகளை ஆட்டோ பிடித்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அடுத்த நவராத்திரிக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி,
பெரம்பூர், சென்னை.

பி.கு.: சரோஜாவின் கணவர் எந்தப் பிரதியிலாவது திருத்தப்பட்டிருந்தால், அதை எந்த மாதம் அடித்தீர்கள் என்பதையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள்.