நாங்கள் இப்போது பதினைந்து வயதில் இல்லை: கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் நிறுவனங்களில் கதைக்குப் பொறுப்பேற்றிருக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு புதிய கேமை அறிவிக்கும்போது முன்னோட்டக் காட்சியில் புகழ்பெற்ற ஃபேன்டசி நாவலாசிரியர் ஒருவரின் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டுகிறீர்கள். அந்தப் பெயர் யாருக்காக என்பது எங்களுக்குத் தெரியும். பதினைந்து, பதினாறு வயதில் அவருடைய புத்தகங்களை ராத்திரி முழுக்க விழித்திருந்து படித்தவர்களுக்காகத்தான். அந்தப் பிள்ளைகள் இன்று முப்பதையும் நாற்பதையும் தாண்டிவிட்டார்கள். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, பழைய பிரியமும் இருக்கிறது. ஆனால் அதே புத்தகத்தை இன்று எடுத்தால் பலருக்கு ஐம்பது பக்கத்துக்கு மேல் ஓடுவதில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் எழுத்தாளரை அழைக்கிறீர்களா என்ற சந்தேகம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. அதனால்தான் இந்த மடல்.

அமெரிக்க ஃபேன்டசி நாவலாசிரியர் ஆர். ஏ. சால்வடோரை எடுத்துக்கொள்கிறேன். அவர்மேல் எனக்குள்ள நன்றி பெரியது, அதனால்தான் அவரிடமிருந்து தொடங்குகிறேன். 1988-இல் வந்த ‘தி கிரிஸ்டல் ஷார்ட்’ நாவலில் டிரிஸ்ட் என்ற இருள் எல்ஃப் (எல்ஃப் என்பது ஃபேன்டசி கதைகளில் வரும் கூர்காது கொண்ட ஓர் இனம்) துணைப் பாத்திரமாகத்தான் நுழைந்தான். சீக்கிரமே தொடர் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வஞ்சகத்தையே வாழ்முறையாகக் கொண்ட குலத்தில் பிறந்து, அது பொறுக்காமல் தரைக்கு மேலே வந்து, அங்கேயும் தோல் நிறத்தைப் பார்த்தே விரட்டப்படுகிறவன். வீட்டிலும் பள்ளியிலும் தனக்கு இடமில்லை என்று நினைக்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அவனைவிட நெருக்கமாக யார் கிடைப்பார்கள்? பின்னால் வந்த நாவல்களில் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அவன் தன் குரலிலேயே நட்பு, கடமை, மனசாட்சி என்று கொஞ்சம் பேசுவான். அந்தப் பக்கங்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இருபது வருடம் கழித்துப் படித்தால் அதே பேச்சு நீளமாகத் தெரிகிறது. வாள் சண்டை தொடங்கும்போதே எப்படி முடியும் என்று புரிந்துவிடுகிறது. செத்த நண்பன் எப்படியும் திரும்பி வருவான் என்பதும் தெரிந்துவிடுகிறது. சால்வடோர் மோசமாகிவிட்டார் என்று சிலர் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இடையில் நாங்கள் வேறு புத்தகங்கள் படித்தோம், வேலைக்குப் போனோம், சொந்த வீட்டில் சாவைப் பார்த்தோம். அதற்கப்புறம், அடுத்த பாகத்தில் உயிரோடு வந்து நிற்கிறவனை நம்புவது கஷ்டம். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் எல்லாமே போய்விடவில்லை. 1990-இல் வந்த ‘ஹோம்லேண்ட்’ நாவலில் மென்சோபெரான்சன் என்று ஒரு பாதாள நகரம் வரும். சூரியனே எட்டாத ஊர். அங்கே நேரம் பார்ப்பதற்கு நார்பாண்டெல் என்ற பெரிய கல்தூண் இருக்கிறது. தினமும் நகரத்தின் தலைமை மந்திரவாதி வந்து அதன் அடியில் மந்திரத்தால் சூடேற்றுவார். அந்தச் சூடு மெல்ல மெல்லத் தூணில் மேலேறும். இருட்டில் வெப்பத்தைக் காணும் கண்ணுள்ள அந்த மக்கள், அது எட்டியிருக்கும் உயரத்தைப் பார்த்து நேரத்தைத் தெரிந்துகொள்வார்கள். அந்த ஊரின் சட்டமும் எனக்கு மறக்கவில்லை. ஒரு குடும்பம் இன்னொரு பிரபுக் குடும்பத்தை அடியோடு அழித்துவிட்டால் அது குற்றமே இல்லை. குற்றம் சாட்ட ஒரே ஒரு வாரிசு பிழைத்திருந்தால் போதும், தாக்கிய குடும்பத்தை நகரமே சேர்ந்து அழித்துவிடும். இந்த ஒரு சட்டத்தில் அந்த ஊரின் அரசியல், பயம், பிள்ளை வளர்ப்பு எல்லாமே அடங்கியிருக்கிறது.

டிரிஸ்டின் பேச்சில் பாதி எனக்கு மறந்துவிட்டது. தூணும் சட்டமும் அப்படியே இருக்கின்றன. பிடித்த எழுத்தாளரைத் தாண்டி வளர்ந்துவிட்டோம் என்று நாங்கள் சொல்லும்போது, தாண்டியது பெரும்பாலும் அவர் வாக்கியங்களையும் வீர வசனங்களையும்தான். அவர் கட்டிய ஊர் எங்களோடு தங்கிவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். கேமுக்குத் தேவைப்படுவதும் அந்தத் தங்கிய பகுதிதானே? சண்டையைப் போடப்போவது ஆடுகிறவரின் கை. நீளமான பேச்சை அவர் ஒரு பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவார். ஊரையும் அதன் சட்டத்தையும் மட்டும் அவரால் தாண்ட முடியாது. ஏனென்றால் அவர் நடப்பதே அதற்குள்தான்.

2012 பிப்ரவரியில் ‘கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங்’ என்ற கேம் வந்தது. சால்வடோர் அதன் உலகத்துக்குப் பத்தாயிரம் வருட வரலாறு எழுதினார். ஓவியத்துக்கு காமிக்ஸ் ஓவியர் டாட் மெக்ஃபார்லன், வடிவமைப்புக்கு ‘மோரோவிண்ட்’, ‘ஒப்லிவியன்’ கேம்களைச் செய்த கென் ரோல்ஸ்டன். இப்படியொரு கூட்டணி லேசில் அமையாது. ஆனால் அந்த வரலாறும் அந்த கேமும் ஒன்றாக வளரவில்லை. அமலூர் உலகத்தை உருவாக்கிய 38 ஸ்டுடியோஸ், 2009-இல் பிக் ஹியூஜ் கேம்ஸ் என்ற இன்னொரு கேம் நிறுவனத்தை வாங்கியபோது அங்கே ஏற்கெனவே ஒரு ரோல்-பிளேயிங் கேம் (ஆடுகிறவர் ஒரு பாத்திரமாகவே வாழும் வகை) தயாராகிக்கொண்டிருந்தது. அதை அமலூர் உலகத்துக்குள் பொருத்தினார்கள். நிறுவனத்தின் பெருங்கனவு வேறு, பல்லாயிரம் பேர் சேர்ந்து ஆடும் ஓர் இணைய கேம். வரலாறு அதற்கும் சேர்த்து எழுதப்பட்டது. அந்த இணைய கேம் வெளிவரவே இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் நிறுவனத்தின் 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. 2012 மே மாதம் ஊழியர்கள் அத்தனை பேரும் வேலை இழந்தார்கள், ஜூனில் நிறுவனம் திவாலானது. அதற்குக் காரணம் கதை இல்லை, பணம். அதை எழுத்தாளர் தலையில் கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வெளிவந்த கேமில் அந்தப் பத்தாயிரம் வருடம் எப்படி வந்து சேர்ந்தது? பெரும்பாலும் ஊர்க்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்று சொல்லும் தகவலாகத்தான். யாரைப் பார்த்தாலும் ஒரு தலைப்புப் பட்டியல் விரியும். ஒவ்வொன்றாக அழுத்தி ஒவ்வொரு பதிலாகக் கேட்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே தாண்டும் பொத்தானுக்குப் போய்விடுகிறது.

இத்தனைக்கும் நடுவில் அதே கேமில் ஓர் இடம் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. அங்குள்ள ஃபே இனத்தவருக்கு மரணம் முடிவல்ல, மறுபடி பிறப்பார்கள். அவர்களில் ஒரு கூட்டம் தங்கள் பழைய கதைப்பாடல்களை மறுபடி மறுபடி நிகழ்த்திக்கொண்டே வாழ்கிறது. அதே வீரன், அதே எதிரி, அதே முடிவு. நாம் ஆடும் பாத்திரமோ இறந்து எழுந்தவர், விதி என்று எதுவும் எழுதப்படாதவர். அவர் போய் அந்தப் பாடலில் ஒரு வேடத்தை ஏற்கிறார். அதுவரை மாறாத கதை கலையத் தொடங்குகிறது. இதை நாவலில் படித்தால் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கேமில் அதை நாமே செய்கிறோம், அதனால் உறைக்கிறது. உலகத்தின் விதியும் ஆட்டத்தின் விதியும் ஒன்றாகிவிட்ட இடம் அது. முழு கேமும் அப்படி இருந்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் 2022 பிப்ரவரி. ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனம் ‘எல்டன் ரிங்’ கேமை வெளியிட்டது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பெயர் 2019 அறிவிப்பிலேயே வந்துவிட்டது. அவருடைய ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ பெருந்தொடரில் 2011-க்குப் பிறகு அடுத்த நாவல் வராத கோபத்தில் பல வாசகர்கள் இருந்தார்கள். பெயருக்காக மட்டும் என்றால் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் வேறு. கேமின் நிகழ்காலத்துக்கு மிக முந்தைய காலத்தின் வரலாற்றை மார்ட்டின் எழுதித் தந்தார். அந்த வம்சங்கள் எப்படிச் சிதைந்தன, கேம் தொடங்கும்போது எஞ்சியிருப்பது என்ன என்பதை கேமின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகியும் அவருடைய குழுவும் எழுதினார்கள். உரையாடல்களும் பொருள்களின் விளக்கக் குறிப்புகளும் அவர்கள் கையிலிருந்து வந்தவை.

அந்த கேமில் எதிரியாக வரும் ராடானை எடுத்துக்கொள்ளுங்கள். மலை மாதிரி ஒரு தளபதி, நோஞ்சான் குதிரை மேல் வந்து மோதுவான். முதலில் பார்க்கும்போது விசித்திரமாக இருக்கும். அவனை வென்ற பிறகு கிடைக்கும் பொருளின் குறிப்பைப் படித்தால்தான் விஷயம் தெரியும். தன் பிரியமான குதிரையைக் கைவிடக் கூடாது என்பதற்காக, தன் எடை அதன் முதுகில் இறங்காதபடி ஈர்ப்பு மந்திரத்தைக் கற்றவன் அவன். இன்று புத்தி அழுகிப்போய், போர்க்களத்தில் கிடக்கும் பிணங்களைத் தின்றுகொண்டு திரிகிறான். குதிரை மட்டும் இன்னும் கூடவே இருக்கிறது. இரண்டு மூன்று வரியில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கை. இதில் மார்ட்டினுடையது எவ்வளவு, மியாசாகி குழுவினுடையது எவ்வளவு என்று வெளியே இருக்கும் எங்களால் பிரிக்க முடியவில்லை. அப்படிப் பிரிக்க முடியாமல் இருப்பதுதான் நல்ல கூட்டுவேலைக்கு அடையாளம் என்று நினைக்கிறேன்.

மியாசாகி சிறுவயதில் படித்த விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃபேன்டசி புத்தகங்களைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்து, புரியாத இடங்களைப் படங்களை வைத்துத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில ஃபேன்டசி படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். நாங்களும் பாதி உலகத்தை நாங்களாகத்தான் கட்டினோம். விட்டுவைத்த இடைவெளிகளே கதையைச் சொல்லும்படி ஒரு கேமை அவரால் அமைக்க முடிந்ததற்கு அந்த வாசிப்புக்குப் பங்கு இருக்கிறது. எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. விளக்காமல் விட்டால் நாங்கள் ஓடிவிடுவோம் என்ற பயத்தை விட்டுவிடுங்கள்.

எழுத்தாளரை வெளியிலிருந்து அழைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. எஸ்டோனியாவில் ராபர்ட் குர்விட்ஸ் 2013-இல் ஒரு நாவல் எழுதினார். அது விற்கவில்லை. அதே உலகத்தை வைத்து அவரும் நண்பர்களும் சேர்ந்து செய்த ‘டிஸ்கோ எலிசியம்’ 2019-இல் வந்தது. பத்து லட்சம் சொற்கள் அளவுக்கு எழுத்து, ஆனால் படிக்கச் சலிப்பதில்லை. கதாநாயகனின் தலைக்குள் இருக்கும் இருபத்துநான்கு திறன்களும் ஆளுக்கொரு குரலில் அவனோடு பேசுகின்றன. வாள் இல்லை, எல்ஃப் இல்லை. குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு போலீஸ்காரனும், தோற்றுப்போன ஒரு புரட்சியின் நகரமும் இருக்கின்றன. பழைய பிரியங்களைத் தாண்டிவந்த ஒரு வாசகருக்கு, ஃபேன்டசி இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று அது காட்டியது.

இனி பெயர் பற்றியும் பணம் பற்றியும். 1993-இல் ‘பிட்ரேயல் அட் கிரோண்டோர்’ என்ற கேம் வந்தபோது ஃபேன்டசி நாவலாசிரியர் ரேமண்ட் ஃபீஸ்ட்தான் அதை எழுதினார் என்று நம்பியவர்கள் நிறைய. உலகம் அவருடையது, பெட்டியின் மேல் பெரிதாகத் தெரிந்ததும் அவர் பெயர். எழுத்து நீல் ஹால்ஃபோர்டு என்ற உங்கள் துறைக்காரருடையது. நாவல் மாதிரி அத்தியாயம் அத்தியாயமாக நகர்ந்த அந்த கேமின் கதையை ஃபீஸ்ட் பிறகு தானே நாவலாக்கி 1998-இல் வெளியிட்டார். உங்கள் அலுவலகங்களில் இன்றும் ஹால்ஃபோர்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை நாங்கள் கடைசியில் ஓடும் பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

‘விட்சர்’ கதைகளை எழுதிய போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சாப்கோவ்ஸ்கி விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே. அவற்றை கேமாக்கும் உரிமைக்கு லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாகப் பணம் போதும் என்று வாங்கிக்கொண்டார். கேம்கள் உலகம் முழுக்க விற்ற பிறகு, 2018-இல் 6 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்) கேட்டார். அடுத்த வருடம் டிசம்பரில் கேமைச் செய்த சிடி புராஜெக்ட் நிறுவனம் அவரோடு புதிய ஒப்பந்தம் செய்துகொண்டது. முதல் ஒப்பந்தத்தில் தப்பு யார் பக்கம் என்று வாதாட நான் வரவில்லை. எழுதுகிறவருக்கு இந்தத் தொழிலின் கணக்கு தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதனால் நியாயமாக நடக்கும் பொறுப்பு உங்கள் பக்கம்தான் அதிகம்.

நான் கேட்பது இதுதான். நாவலாசிரியரை அழைத்தால், கேம் பாதி முடிந்த பிறகு அழைக்காதீர்கள். ஆட்டத்தின் விதிகளை எழுதும் முதல் நாளே அவரை வடிவமைப்பாளர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவரிடம் வசனம் கேட்காதீர்கள். அந்த ஊரில் எது குற்றம், நேரம் எப்படிப் பார்க்கிறார்கள், இறந்தவர்களை என்ன செய்கிறார்கள், எந்தப் பொய்யின் மேல் அரண்மனை நிற்கிறது என்று கேளுங்கள். அவர் தரும் பதிலிலிருந்து ஆட்டம் பிறக்கட்டும். பதினைந்து வயதில் எங்களை மயக்கிய எழுத்தாளர்களிடம் இந்தக் கேள்விகளுக்கு இன்றும் பதில் இருக்கிறது. அவர்களுடைய நாவலை முடிக்காமல் மூடி வைத்த நாங்களும் அந்த ஊருக்குள் நடந்து பார்க்கக் காசு கொடுத்து வருவோம்.

அடுத்த முன்னோட்டக் காட்சியில் அவர் பெயரைப் போடும்போது, அவரோடு உட்கார்ந்து எழுதிய உங்கள் ஊழியர்களின் பெயர்களையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். அவர்களில் யாரை இனி பின்தொடர்ந்து படிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கேம்களை ஆடும், நீங்கள் அழைக்கும் நாவலாசிரியர்களின் புத்தகங்களைப் படித்து வளர்ந்த ஒரு தமிழ் வாசகர்