புல்தரை எறும்புக்குத் தடை செய்த குருணை மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில், வீட்டுப் புல்தரையில் எறும்புப் புற்று வந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள் என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். ஊற்றிப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வடவள்ளியில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொரியன் புல் போட்டிருக்கிறேன். பம்பு கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசைக்குப் போட்டது. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பார்த்தால் ஏழு இடத்தில் மண் பொங்கிக் கிடந்தது, காபித்தூளைக் குவித்த மாதிரி பொலபொலவென்று. பேத்தி அதில் கால் வைத்துவிட்டு அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர்களே ஓடி வந்துவிட்டார்கள். நெருப்பெறும்பு. குனிந்து உற்றுப் பார்த்தால் சின்னச் சிவப்பு எறும்புகளுக்கு நடுவில் சிலவற்றுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, உச்சியில் வகிடு எடுத்த மாதிரி ஒரு பள்ளம். விதை உடைக்கிற வேலை இந்தப் பெருந்தலைகளுக்கு. நம் ஊர் எறும்பே இல்லையாம், அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதியிலிருந்து கப்பலேறி வந்ததாம்.

வெந்நீரை மூன்று புற்றுக்கு ஊற்றினேன், புற்றுக்கு ஒரு குடம். ஒன்று ஒழிந்தது. மற்ற இரண்டும் நாலாம் நாள் இரண்டடி தள்ளி எழும்பின. ராணி ஆழத்தில் இருக்கிறது, அதுவரைக்கும் சூடு இறங்குவதில்லை. புல் மட்டும் வட்ட வட்டமாகக் கருகியது. ஊற்றும்போது என் காலிலும் கொஞ்சம் தெறித்தது, அது தனிக்கதை.

அப்புறம் செடி வாங்குகிற கடையில் கேட்டேன். "குருணை தூவுங்கய்யா, ஒரே நாள்ல சுத்தமாயிரும்" என்று பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் பையில் ஒரு கிலோ கட்டிக் கொடுத்தார்கள். பில் கிடையாது. என்ன மருந்து என்றதற்கு "ஃபோரேட்டுங்க" என்றார் பையன், ஏதோ உப்பு என்று சொல்கிற மாதிரி. அன்று சாயங்காலம் அரைக்கிலோ தூவினேன். நாற்றம் வீட்டுக்குள் வரை வந்தது. மறுநாள் காலை புல்லில் இரண்டு மைனா செத்துக் கிடந்தன. ஒன்றின் அலகு திறந்தபடி இருந்தது. வீட்டம்மா அன்று என்னோடு பேசவில்லை. பேத்தியை ஒரு மாதம் முற்றத்தில் விடவில்லை. மருமகன் செல்போனில் தேடிக் காட்டிய பிறகுதான் தெரியும், ஃபோரேட்டை 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாடு முழுவதும் விற்கவே கூடாது என்று. அதைத்தான் நகரத்துக்குள் பூச்செடியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். எறும்பு? ஆறே வாரத்தில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகத் திரும்ப வந்துவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடர். முதலில் சர்க்கரைப் பாகில் ஒரு ஸ்பூன் நிறையக் கலந்து வைத்து ஏமாந்தேன். குடித்த எறும்பு மூடியைச் சுற்றியே செத்தது, புற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷம் லேசாக இருந்தால்தான் எறும்பு அதை உள்ளே சுமந்து போய் ராணிக்கும் ஊட்டும். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, ஒரே ஒரு கிராம் பவுடர். நகைக்கடைத் தராசு வைத்திருக்கும் நண்பரிடம் நிறுத்து வாங்கினேன். பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, குழந்தையும் நாயும் தொடாதபடி ஓட்டை போட்ட டப்பாவால் மூடி, மேலே ஒரு கல். மழை இல்லாத நாளாகப் பார்த்து இருட்டும் நேரத்தில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை பஞ்சை மாற்றினேன். புற்றைக் கிளறவே கூடாது, கிளறினால் இடம் மாறிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது வேலி ஓரம் ஒரே ஒரு புற்று. அதை விட்டுவிட்டேன், அங்கே யாரும் நடப்பதில்லை.

ஆக, இரண்டு விஷயம் கேட்கிறேன். வீட்டுக் குறிப்பு போடும்போது "கடையில் கிடைக்கும் மருந்து" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், மருந்தின் பெயரையும் அது தடை செய்யப்பட்டதா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பூச்சிமருந்து விற்க 1968-ஆம் வருடச் சட்டப்படி உரிமம் வேண்டும். வேளாண் துறையினர் உரக்கடைகளோடு நிறுத்திக்கொள்ளாமல் நகரத்து நர்சரிகளிலும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

மிச்சம் அரைக்கிலோ குருணை இரண்டு பைக்குள் கட்டி மோட்டார் ரூம் பரணில் இருக்கிறது. குப்பை வண்டியில் போட மனசு வரவில்லை, கையுறை கூட இல்லாமல்தான் அந்தப் பெண்கள் குப்பையைப் பிரிக்கிறார்கள். எங்கே கொண்டுபோய் ஒப்படைப்பது என்று துறையில் யாராவது சொன்னால் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.