டீக்கடை எங்களுக்கு எப்போது இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்பாடு, அரசியல், படைப்பு, இன்றைய வாழ்க்கை என்று அறிஞர்கள் நால்வரை உட்காரவைத்து நீங்கள் வெளியிட்டுவரும் உரையாடல் தொடரை விடாமல் படித்துவருகிறேன். சென்ற இதழில் வந்த பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். டீக்கடை பெஞ்சு காலியாகிவிட்டது, படிப்பகங்கள் பூட்டிக் கிடக்கின்றன, கூடிப் பேசிச் சிந்திக்கிற பழக்கமே தமிழரிடம் போய்விட்டது என்று வருத்தப்பட்டிருந்தார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், உழைக்கிற மக்களுக்குத் தத்துவம் பேச ஓய்வு ஏது என்று கேட்டிருந்தார்.

டீக்கடை வருத்தம் எனக்கும் புரிகிறது. 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டுகிற தமிழில் வந்தது. கடைக்கு வரும் ஒரே பிரதி தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சு முழுக்கச் சுற்றும். குடிஅரசு, விடுதலை, திராவிட நாடு ஏடுகளைப் படிப்பகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் வாசிக்க, சுற்றி நின்றவர்கள் கேட்டுக் கட்சி கட்டினார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பு வரைக்கும் போனதால்தானே 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று கடைக்காரர்கள் பலகை மாட்டினார்கள்? எல்லாம் சரி. அந்தப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்து யாராவது பார்த்ததுண்டா? இத்தனை பக்கம் பேசியவர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி வரவில்லை. எங்களிடம் இல்லாத ஒன்று போய்விட்டது என்று நாங்கள் எப்படி அழ முடியும்?

எங்கள் தென்காசிப் பக்கத்தில் பெண்கள் கூடிப் பேசியது பீடி சுற்றும் திண்ணையில். அம்மா, பெரியம்மை, பக்கத்து வீட்டு மைனி, எதிர்வீட்டு ஆச்சி எல்லாரும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பார்கள். நனைத்த இலையை அளவாகக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி நூலைச் சுற்ற வேண்டும். பழகிய கைக்குக் கண் தேவைப்படாது. நான் சுற்றிய பீடியைக் கடையில் கழித்துக்கழித்துப் போட்டதால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை வாசிக்க வைத்துவிட்டார்கள். முதலில் பேப்பர், அப்புறம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை.

ஒரு தொடர்கதையில், அடிக்கிற புருஷனை விட்டுத் தாய்வீட்டுக்கு வந்த ஒருத்தி, பிள்ளையை நினைத்துக் கடைசியில் திரும்பிப் போய்விடுகிறாள். "ஏட்டி, நிறுத்து. அந்த வரிய இன்னொருக்க வாசி" என்றார் ஆச்சி. வாசித்தேன். பிள்ளைக்காகப் போனது சரிதான் என்றாள் மைனி. "அந்தப் பிள்ள வளந்து, ஏம்மா அடி வாங்கிட்டுக் கெடந்தன்னு கேட்டா இவ என்ன சொல்லுவா?" என்று ஆச்சி மடக்கினார். தன் வாழ்க்கைக்கும் பெற்ற பிள்ளைக்கும் நடுவில் ஒருத்தி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று விளக்கேற்றும் நேரம் வரை ஒரே சண்டை. அதுவரை வாயே திறக்காத பெரியம்மை, "இத எழுதினது ஆம்பளயா பொம்பளயா, மொதல்ல அதப் பாரு" என்றார். போட்டிருந்தது பெண் பெயர். அந்தப் பெயரில் எழுதுவது ஒரு ஆண் என்பது மைனிக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "அப்போ அவன் அனுப்பத்தான் செய்வான்" என்று சொல்லிவிட்டு பெரியம்மை அடுத்த இலையை எடுத்தார். படைப்பவனுக்கும் படைப்புக்கும் உள்ள உறவைப் பற்றி உங்கள் தொடரின் மூன்றாம் பகுதியில் நால்வரும் பேசியதை மறுபடி படித்துப் பார்த்தேன். பெரியம்மை கேட்டதைத் தாண்டி அதில் அதிகம் இல்லை.

பீடித் தொழிலைப் போற்றி எழுதுவதாக எண்ண வேண்டாம். அந்தத் தூள் நெடியில் நெஞ்சு கெட்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. கூலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓய்வு ஏது என்று கேட்டாரே, அவருக்குத்தான் சொல்கிறேன். எங்களுக்கு ஓய்வு இருந்ததில்லை. காது மட்டும்தான் சும்மா இருந்தது.

இது எங்கள் ஊர் அதிசயமும் இல்லை. வட கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடிக் கம்பெனிகளில், தொழிலாளர் நடுவே ஒருவர் உட்கார்ந்து பத்திரிகை வாசிப்பார். அவர் அந்த நேரத்தில் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். பீடித் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1966-இல் வந்த சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்தப் போனபோது முதலாளிகள் கம்பெனியை மூடிவிட்டுப் போனார்கள். வேலையிழந்தவர்களை வைத்து 1969-இல் தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கியது. அங்கேயும் வாசிப்பு தொடர்ந்தது.

கடல் தாண்டி கியூபாவுக்குப் போனால் கதை இன்னும் பழசு. ஹவானாவில் ஒரு சுருட்டு ஆலையில் 1865-இல் இந்த வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்கு உயரமாக ஒரு மேடை, தொழிலாளர்களே காசு போட்டுக் கொடுக்கும் சம்பளம். காலையில் பத்திரிகை, அப்புறம் நாவல். எந்த நாவல் என்பதை ஓட்டுப்போட்டு முடிவுசெய்வார்கள். பிடித்துப்போனால், புகையிலை வெட்டும் தகட்டால் மேசையைத் தட்டுவார்கள், அதுதான் அங்கே கைதட்டல். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் 'மான்டிகிறிஸ்டோ பிரபு' நாவல்மேல் அவர்களுக்கு இருந்த மோகத்தால்தான் 'மான்டிகிறிஸ்டோ' என்று ஒரு சுருட்டுக்கே பெயர் வந்தது. வழக்கம் தொடங்கிய அடுத்த ஆண்டே அன்றைய ஸ்பானிய ஆட்சி இதைத் தடைசெய்தது. வாசிப்பதற்கு மட்டுமல்ல, வேலைக்குத் தொடர்பில்லாத விவாதங்களுக்கும் சேர்த்தே தடை. ஒருவர் வாசிப்பதும் மற்றவர்கள் வாதாடுவதும் ஒரே காரியம் என்பது உங்கள் அறிஞர்களைவிட அந்த அதிகாரிகளுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

கியூபாவிலிருந்து போனவர்கள் அமெரிக்காவின் புளோரிடாவில், டாம்பா நகரத்துச் சுருட்டு ஆலைகளுக்கும் இந்த வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். வாசிப்பவர்கள் புரட்சிக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி 1931-இல் முதலாளிகள் அந்த மேடைகளையே எடுத்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் நடந்தும் பலன் இல்லை. பிறகு அந்த இடத்துக்கு வந்தது ரேடியோ. காது சும்மா இருக்கக் கூடாது என்கிற கவலை முதலாளிகளுக்கும் இருந்திருக்கிறது பாருங்கள். ஆனால் ரேடியோவிடம் யாரும் "நிறுத்து, அந்த வரியை இன்னொருமுறை வாசி" என்று சொல்ல முடியாது.

நான் சொல்லவருவது இதைத்தான். நம் ஆட்களுக்குப் பேச்சு மறந்துவிட்டது, பொறுமை போய்விட்டது என்பதை நான் ஏற்கவில்லை. நிறுத்திக் கேட்கிற உரிமைதான் கைநழுவியிருக்கிறது. எங்கள் தெருவில் இப்போதும் பீடி சுற்றுகிறார்கள். டிவியில் சீரியல் ஓடுகிறது. சீரியலை வைத்தும் சண்டை போடுகிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாயைத் திறப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். ராத்திரி விவாத நிகழ்ச்சியில் நெறியாளர் நிறுத்தலாம், பார்க்கிற நாம் நிறுத்த முடியாது. செல்போனில் நிறுத்தலாம்தான். நிறுத்திவிட்டு யாரிடம் திரும்பிக் கேட்பது? பக்கத்தில் இருப்பவள் காதில் வேறு எதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் கேட்காதவர்கள் எதை வைத்து வாதாடுவார்கள்?

பழைய வாசிப்பில் கோளாறு இல்லாமல் இல்லை. படிப்பகத்தில் ஒரு கட்சியின் ஏடுதான் கிடைக்கும், கண்ணூரிலும் கட்சிச் சார்புள்ள பத்திரிகைகளே அதிகம். நான்கூட எனக்குப் பிடிக்காத பக்கத்தை மெதுவாகத் தாண்டிவிடுவேன், ஆச்சி கண்டுபிடித்துவிடுவார். என்றாலும் எல்லார் காதிலும் விழுந்தது ஒன்றே என்பதால் எதிர்த்துப் பேச இடமிருந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசிப்பதற்கென்றே போடுங்கள். கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வாக்கியம் மூச்சு வாங்க விட வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், திண்ணையில் சாயங்கால வெளிச்சம் அவ்வளவுதான். கதையோ கட்டுரையோ எதுவானாலும் சரி, முடிவை மட்டும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். எங்கள் தெருவில் வாசித்துவிட்டு என்ன சண்டை நடந்தது என்று நானே எழுதி அனுப்புகிறேன்.

இன்னொன்று, அடுத்த உரையாடலுக்கு ஆள் கூப்பிடும்போது பீடி சுற்றுகிறவர்களில் ஒருத்தியையும் கூப்பிடுங்கள். பஸ் செலவோடு, அன்றைக்கு அவள் சுற்றாமல்போன பீடிக்கான கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கண்ணூர்க்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்.